நிறத்தைப் பார்த்து குதிரைக்கு முன்பணம் தராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூருவிலும் ஓசூர்ப் பக்கத்திலும் குதிரைச் சவாரி பழகும் குடும்பங்கள் இப்போது நிறைய. சவாரிப் பள்ளியின் குதிரையில் சில மாதம் பழகிய பிள்ளைக்குச் சொந்தமாகவே ஒன்று வாங்கித் தந்துவிடலாம் என்று பெற்றோர் தேடத் தொடங்கும்போது கண்ணில் படுவதெல்லாம் ஒரே மாதிரியான விளம்பரம்தான்: "பே கலர், இங்கிலீஷ் ரைடிங், சாந்தமானது, குடும்பத்துக்கு ஏற்றது." ஒரு படம், ஒரு விலை. வயது இருக்காது, உயரம் இருக்காது, ஆணா பெண்ணா காயடித்ததா என்பது இருக்காது, கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்றுநோய்க்கான பரிசோதனை பற்றிப் பேச்சே இருக்காது. இப்படி வாங்கிய குதிரை மூன்றாம் மாதம் நொண்டிக்கொண்டு லாயத்தில் நிற்பதும், அதை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும், கடைசியில் அந்தக் குதிரை கல்யாண ஊர்வல வண்டிக்கோ அதைவிட மோசமான இடத்துக்கோ போய்ச் சேருவதும் இங்கே சாதாரணமாக நடக்கிறது. வாங்குகிறவர் ஏமாறுவது ஒரு பக்கம். வாயில்லா ஜீவன் படும் பாடு இன்னொரு பக்கம். அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் நிறம். பே என்றால் செம்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, கறுப்பு வால், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. சைஸ்கள், அதாவது குதிரையைப் பராமரிக்கும் லாயக்காரர்கள், இதைக் குமைத் என்பார்கள். உடம்பு அதே சிவப்பாக இருந்து பிடரியும் வாலும் சிவப்பாகவே இருந்தால் அது செஸ்ட்நட், பே அல்ல. ரேஸ் குதிரையான தரோபிரெட் இனத்தில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் நிறம் பேதான். ஆகவே நிறத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தர வேண்டியதில்லை. இரண்டு மூன்று வயதுக் குதிரையானால் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் வெள்ளை முடி கலந்திருக்கிறதா என்று பாருங்கள். பெற்றோரில் ஒன்று சாம்பல் நிறமாக இருந்தால், பே நிறத்தில் பிறந்த குட்டியும் வருடா வருடம் வெளுத்து, கடைசியில் வெள்ளைக் குதிரையாகிவிடலாம். கால் கறுப்பிலோ பிடரியிலோ சந்தேகம் வந்தால் முடியைப் பிரித்து வேரைப் பாருங்கள். சாயம் போட்டிருந்தால் வேர் வேறு நிறத்தில் இருக்கும்.

'இங்கிலீஷ் பிளெஷர்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது அமெரிக்கக் குதிரைக் காட்சிகளில் நடக்கும் ஒரு போட்டிப் பிரிவு. இங்கிலீஷ் சேணம் (முன்னால் பிடிக்கொம்பு இல்லாத தட்டைச் சேணம்) போட்டு வாக் (நடை), டிராட் (துள்ளோட்டம்), கேன்டர் (மிதமான பாய்ச்சல்) மூன்றையும் குதிரை எவ்வளவு இதமாக, பணிவாகச் செய்கிறது என்று நடுவர் பார்ப்பார். மோர்கன், சாடில்பிரெட், அரேபியன் இனங்களுக்கு அங்கே தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நம் ஊர் விளம்பரத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் சிறிய பொருள்தான்: இங்கிலீஷ் சேணத்துக்குப் பழக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. இனத்தையும் பயிற்சியின் ஆழத்தையும் நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

பெங்களூருவில் உள்ளூரில் விலைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ரேஸிலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் ஒன்று. மார்வாரி, காத்தியவாரி குதிரைகளும் அவற்றின் கலப்பும் இரண்டாவது. இவை ராஜஸ்தானின் புஷ்கர், மகாராஷ்டிரத்தின் சாரங்கேடா சந்தைகளிலிருந்தும், ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையிலிருந்தும் கை மாறி வருகின்றன. சவாரிப் பள்ளிகள் விற்கும் பழகிய குதிரை மூன்றாவது. வெளிநாட்டிலிருந்து இறக்கும் வார்ம்பிளட் என்ற போட்டிக் குதிரை இருக்கிறது; அந்த விலை கொடுப்பவர்களுக்கு இந்தக் கடிதம் தேவைப்படாது.

ரேஸ் குதிரை பார்க்க அழகு, விலையும் குறைவாகத் தெரியும். ஆனால் அது கற்றுக்கொண்ட பாடம் வேறு. ரேஸில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்கக் குதிரை அதில் சாய்ந்து வேகமெடுக்கும். பயந்துபோன பிள்ளை கடிவாளத்தை இழுத்தால், நிற்கச் சொல்கிறார்கள் என்று அதற்குப் புரியாது. ஓடச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளும். ஜாக்கியை இன்னொருவர் காலைப் பிடித்துத் தூக்கி, நடந்துகொண்டிருக்கும் குதிரைமேல் ஏற்றிவிடுவது ரேஸ் வழக்கம். அதனால் ஏறும்போது அசையாமல் நிற்கக் குதிரைக்குத் தெரியாது. தானியம் கூடுதலாகவும் புல் குறைவாகவும் தின்று, நாளில் பெரும்பகுதி லாயத்துக்குள்ளேயே நின்று பழகியதால் இரைப்பைப் புண்ணும் இந்தக் குதிரைகளில் மிகச் சாதாரணம். ரேஸ் விட்ட குதிரைக்குச் சில மாதம் தானியத்தைக் குறைத்து, வெளியில் விட்டு, நல்ல பயிற்சியாளர் ஒருவர் அடிப்படையிலிருந்து மறுபடி பழக்க வேண்டும். இதையெல்லாம் முடித்து, ஒரு வருடமாவது சவாரியில் இருந்த ரேஸ் குதிரை அருமையான குதிரை. போன மாதம் டிராக்கை விட்டு வந்த நாலு வயதுக் குதிரையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்குவது ஆபத்து. 'சாந்தமாகத்தான் இருக்கிறது' என்று விற்பவர் சொன்னாலும் ஆபத்துதான்.

மார்வாரிக் குதிரையில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பலவற்றுக்கு ரேவால் என்ற வேக நடை பழக்கியிருப்பார்கள். மேலே உட்கார்ந்தவருக்குக் குலுக்கல் இல்லாமல் சுகமாக இருக்கும். ஆனால் இங்கிலீஷ் முறையில் பிள்ளை முதலில் கற்பது டிராட்டில் எழுந்து உட்காருவது. அதற்கு முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் ஜோடியாக விழும் தெளிவான இரண்டடி டிராட் வேண்டும். அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது, வாய். முள் வைத்த கடிவாளத்தை 1965ஆம் ஆண்டின் சுமை, இழுவை விலங்கு விதிகள் தடை செய்கின்றன. ஆனாலும் சந்தைக் குதிரைகளில் இன்னும் பார்க்கிறோம். உதட்டோரத்திலும் நாக்கிலும் பல் இல்லாத ஈற்றின் மேலும் வடு இருந்தால், அந்தக் குதிரை மென்மையான கடிவாளத்துக்குத் தலையை உதறும், அல்லது வாயைத் திறந்துகொண்டு ஓடும். திருத்த முடியும். ஆனால் புதிதாகக் கற்பவரால் அது ஆகாது.

முதல் குதிரைக்குக் காயடித்ததே உத்தமம். பெண் குதிரையும் பரவாயில்லை, பருவத்துக்கு வரும் நாட்களில் சிடுசிடுப்பு இருக்கும். பொலிகுதிரை வேண்டவே வேண்டாம். சந்தையில் வரும் நாட்டுக் குதிரைகளில் காயடிக்காதவை நிறைய உண்டு. இதைக் கேட்டு, கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரைக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் நிரந்தரப் பல்லாக மாறும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதற்குமேல் வயது சொல்ல மேல் ஓரப் பல்லைப் பாருங்கள். அதில் பழுப்பான ஒரு பள்ளக்கோடு பத்து வயதுவாக்கில் ஈறோரத்தில் தலைகாட்டும். பதினைந்தில் பல்லின் பாதி வரை இறங்கும். இருபதில் அடிவரை வந்துவிடும். 'எட்டு வயது' என்று சொல்லும் குதிரையின் கோடு பாதிப் பல்லைத் தாண்டியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். புதிதாகச் சவாரி பழகுபவருக்கு எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் உள்ள குதிரை பொருத்தம். நன்றாகப் பராமரித்த பதினாறு வயதுக் குதிரையையும் வயதுக்காக ஒதுக்க வேண்டாம். குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அப்படிப்பட்ட குதிரைதான்.

உயரத்தை 'ஹேண்ட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 15.2 என்றால் 15 ஹேண்டும் 2 அங்குலமும், அதாவது சுமார் 157 செ.மீ. அளவெடுக்க வேண்டியது பிடரி முடியும் இடத்திலுள்ள மேட்டில், தலை உயரத்தில் அல்ல. எடையை நாடாவால் கணக்கிடலாம்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு செ.மீ.யில், அதை அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுக்க வேண்டும். 180 செ.மீ. சுற்றளவும் 165 செ.மீ. நீளமும் இருந்தால் 450 கிலோ. ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இந்தக் குதிரைக்கு 90 கிலோ. அப்பாவும் பிள்ளையும் ஒரே குதிரையில் மாறி மாறி ஏறப்போகிறீர்கள் என்றால் அப்பாவின் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். குதிரையின் விலை அதன் கால்களில் இருக்கிறது. அந்தக் கால்களை, விடிந்ததும், யாரும் அதை வெளியே எடுப்பதற்கு முன், அது இரவு கட்டிக் கிடந்த இடத்திலேயே பார்க்க வேண்டும். லேசான மூட்டு வலியும் விறைப்பும் கால்மணி நேர நடையில் தளர்ந்து மறைந்துவிடும். காலில் குழாய்த் தண்ணீரை விட்டால் வீக்கத்தின் சூடு தெரியாது. நீங்கள் போகும்போதே குதிரை குளித்து, சேணம் கட்டி, வியர்த்து நின்றால் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டு வேறொரு நாள் சொல்லாமல் போங்கள்.

முதலில் தள்ளி நின்று பாருங்கள். பின்னங்காலில் ஒன்றை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது இயல்பு. முன்னங்கால் ஒன்றை மட்டும் முன்னே நீட்டி, அதில் பாரம் போடாமல் நின்றால் வலி என்று பொருள். பிறகு பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, அப்படியே தடவி இறக்கி முழங்காலுக்குக் கீழே வாருங்கள். காலின் பின்பக்கம் கட்டைவிரல் ஒரு பக்கமும் மற்ற விரல்கள் மறுபக்கமுமாகப் பிடித்து, முழங்காலிலிருந்து கீழுள்ள ஃபெட்லாக் மூட்டு வரை மெல்ல இறக்குங்கள். உள்ளே தசைநாண் முறுக்கிய கயிறுபோல இறுக்கமாக, ஓரம் கூர்மையாக, மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாக இருக்க வேண்டும். நடுப்பகுதியில் வில்போல் புடைத்திருந்தால் அது கிழிந்து ஆறிய தசைநாண். ரேஸ் குதிரைகளின் முன்னங்காலில் இது அடிக்கடி வரும். உடனே மறுகாலில் அதே இடத்தைத் தொட்டு ஒப்பிடுங்கள். இரண்டு காலுக்கும் சூடு வித்தியாசப்படுகிறதா என்று புறங்கையால் பார்த்தால் நன்றாகத் தெரியும். அதன்பின் காலைத் தூக்கி மடக்கி, தசைநாண் தளர்ந்த நிலையில் இரு விரலால் அழுத்துங்கள். சுருக்கென்று காலை இழுத்தால் புண் இன்னும் ஆறவில்லை. வருடக்கணக்கில் ஆறி, சூடும் வலியும் இல்லாத பழைய புடைப்பு உள்ள குதிரை, சமதரையில் நிதானச் சவாரிக்கு உதவும். தடை தாண்டலுக்கும் நீண்ட கேன்டருக்கும் உதவாது. விற்பவர் அதை மறைக்காமல் சொன்னால் அவர் நேர்மையானவர். விலையைக் குறைத்துக் கேட்கவும் அதுவே நியாயமான காரணம்.

முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் கையில் தட்டுப்படும் சிறு எலும்புக் கட்டி, சூடும் வலியும் இல்லாவிட்டால், அழகுக் குறை மட்டும்தான். மூட்டின் மேல் பஞ்சுபோல் மெத்தென்ற வீக்கம் வயதுக் குதிரையில் சகஜம். குளம்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். இரண்டு முன்குளம்பும் ஒரே அளவா? ஒன்று குறுகிக் குதிகால் ஒட்டியிருந்தால், அந்தக் காலில் நெடுநாளாகப் பாரம் போடவில்லை. குளம்புச் சுவரில் வளையங்கள் முன்னால் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்தால் முன்பு லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்திருக்கிறது. அடியில் கறுப்புக் கசிவும் நாற்றமும் இருந்தால் ஈரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது குணமாகும். ஆனால் அந்த லாயத்தின் மற்ற பேச்சுகளையும் எடைபோட அது உதவும்.

அடுத்து, கடினத் தரையில் தளர்ந்த கயிற்றில் நேராக வாக், பிறகு டிராட். சைஸ் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக் குதிரையின் தலையைத் தாங்கிக்கொண்டு ஓடினால் தலையாட்டம் தெரியாது, தளர்த்தச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்கால் நொண்டலுக்குப் பின்னால் நின்று இடுப்பெலும்புகளைப் பாருங்கள். வலிக்கும் பக்கம் அதிகமாக ஏறி இறங்கும். நேரே நன்றாக ஓடும் குதிரையும் கெட்டியான தரையில் சிறு வட்டம் சுற்றும்போது ஒரு பக்கம் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே இடம், வலம் இரண்டும் வேண்டும். மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து விட்டவுடன் ஓட்டும் சோதனையை மருத்துவர் செய்யட்டும்.

மருந்து கொடுத்து மறைப்பதும் உண்டு. பியூட் என்று லாயத்தில் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் நொண்டலை மறைக்கும். அமைதிப்படுத்தும் ஊசி முரட்டுக் குதிரையைச் சாதுவாக்கும். கண் பாதி மூடி, கீழுதடு தொங்கி, காயடித்த குதிரையின் குறி வெளியே தளர்ந்து தொங்கி, உங்களைக் கவனிக்கவே கவனிக்காமல் நின்றால் சந்தேகப்படுங்கள். பரிசோதனை நாளன்றே மருத்துவர் ரத்தம் எடுத்துப் பத்திரப்படுத்துவார் என்று முன்கூட்டிச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும். ரத்தம் எடுக்கச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

லாயத்தின் கதவு விளிம்பையும் தொட்டியின் விளிம்பையும் பாருங்கள். மரம் வரிசையாகக் கடித்துத் தேய்ந்திருந்தால், குதிரை விளிம்பைப் பல்லால் பிடித்துக் காற்றை உள்ளிழுக்கும் பழக்கம் உள்ளது. மேல் முன்பற்களின் முன்விளிம்பும் தேய்ந்திருக்கும். தொண்டையில் வார்ப்பட்டை கட்டிய தடமும் இருக்கலாம். வயிற்றுவலி இந்தக் குதிரைகளுக்குக் கூடுதலாக வரும். இடவலமாக ஆடிக்கொண்டே நிற்பது இன்னொரு பழக்கம். இவற்றைக் காண அரைமணி நேரமாவது பேசாமல் நின்று பார்க்க வேண்டும்; தீவனம் வைக்கும் நேரமானால் இன்னும் நல்லது.

சவாரி செய்து பார்க்கும்போது முதலில் விற்பவரின் ஆள், பிறகு உங்கள் பயிற்சியாளர், கடைசியில் நீங்கள். இந்த வரிசையை யாருக்காகவும் மாற்றாதீர்கள். கேன்டரில் மூச்சை இழுக்கும்போது உறுமல் போன்ற சத்தம் வந்தால் குரல்வளையின் ஒரு பக்கம் செயலிழந்திருக்கலாம். வட்டத்தில் மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் மற்றக் குதிரைகளை விட்டுத் தனியே வெளியே போகிறதா, ஆட்டோ ஹார்னுக்கும் தெருநாய்க்கும் என்ன செய்கிறது, நிற்கச் சொன்னால் நிற்கிறதா என்று பாருங்கள். பெங்களூருவில் விநாயகர் ஊர்வல மேளமும் தீபாவளி வெடியும் எந்த லாயத்தையும் விட்டுவைப்பதில்லை. கடிவாளம் மாட்டும்போது, சேணத்தின் பெல்ட் இறுக்கும்போது, நாலு காலையும் தூக்கும்போது, லாரியில் ஏற்றும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதும் சவாரியைப் போலவே முக்கியம்.

காகிதம். ரேஸ் குதிரையானால் இந்திய ஸ்டட் புத்தகத்தின் பாஸ்போர்ட் இருக்க வேண்டும். பிறந்த தேதி, தாய் தந்தை, மைக்ரோசிப் எண், உடலின் அடையாளப் படம் எல்லாம் அதில் உண்டு. சிப் கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குச் சற்றுக் கீழே இருக்கும்; மருத்துவர் ஸ்கேனரில் படித்து எண்ணை ஒப்பிடட்டும். எல்லா பே குதிரையும் தூரத்தில் ஒன்றுபோலவே தெரியும் என்பதால் இந்த ஒப்பீட்டைத் தவிர்க்கவே கூடாது. நம்மவர்கள் சுழி பார்த்துக் குதிரை வாங்குவார்கள். சுழியால் குதிரையின் நடை மாறுவதில்லை. ஆனால் நெற்றியிலும் கழுத்திலும் உள்ள சுழிகளைப் பாஸ்போர்ட் படத்தில் குறித்திருப்பார்கள். அந்த அடையாளம் பொருந்துகிறதா என்று சுழியைப் பாருங்கள், தப்பில்லை. போட்டிகளில் இறக்க எண்ணமிருந்தால் இந்தியக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் பதிவு தனியாக வேண்டும்.

கிளாண்டர்ஸ் பற்றி நம் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டதே இல்லை. குதிரை, கழுதை, கோவேறு கழுதைக்கு வரும் பாக்டீரியா நோய். மூக்கிலிருந்து சளி, தோலில் கட்டி, புண் என்று தெரியலாம். ஒன்றுமே தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கவும் கூடும். மனிதருக்கும் தொற்றும், உயிரைப் பறிக்கக்கூடியது. குதிரைக்குச் சிகிச்சை கிடையாது. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்து, அந்த வட்டாரத்தில் குதிரைகளின் நடமாட்டத்தையே நிறுத்திவிடுவார்கள். அதாவது நீங்கள் வாங்கிவரும் ஒரு குதிரையால் லாயத்திலுள்ள இருபது குதிரையும், அவற்றைத் தினமும் தேய்த்துக் கழுவும் சைஸ் குடும்பங்களும் ஆபத்துக்கு உள்ளாகலாம். ரத்தச் சீரத்தைக் கால்நடைத் துறை மூலம் அனுப்பிப் பரிசோதிக்க வேண்டும். இதற்கான தேசிய ஆய்வுக்கூடம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம். முடிவு வர நாளாகும், காத்திருங்கள். பழைய அறிக்கையைக் காட்டினால் அதிலுள்ள சிப் எண்ணும் தேதியும் இந்தக் குதிரைக்கு உரியவைதானா என்று பாருங்கள். கூடவே குதிரைத் தொற்று ரத்தசோகைக்கான காகின்ஸ் பரிசோதனையும், சர்ரா, உண்ணிக் காய்ச்சல் ஒட்டுண்ணிகளுக்கான ரத்தப்பூச்சும் செய்துகொள்வது நல்லது. சந்தையிலிருந்து நேரே வந்த குதிரையானால் இவற்றில் ஒன்றையும் விடக்கூடாது.

மருத்துவர் உங்கள் மருத்துவராக இருக்க வேண்டும். விற்பவரின் லாயத்துக்கு வாடிக்கையாக வருபவர் எவ்வளவு நல்லவரானாலும் அந்த வேலைக்கு அவர் வேண்டாம். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்தால் குதிரை வைத்தியத்தில் பழகியவர்களைக் கண்டுகொள்ளலாம். நின்ற நிலையில் உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16 இருக்க வேண்டும். தாண்டல் பயிற்சிக்கு வாங்கினால் முன்னங்கால் குளம்புக்கும் பின்னங்கால் ஹாக் மூட்டுக்கும் எக்ஸ்ரே எடுங்கள். மெதுவான சவாரிக்கு அது கட்டாயமில்லை.

இவையெல்லாம் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். முன்பணம் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மருத்துவப் பரிசோதனையிலோ கிளாண்டர்ஸ் அறிக்கையிலோ குறை வந்தால் முழுப்பணமும் திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வங்கி வழியாகக் கொடுங்கள். சிப் எண், வயது, உயரம், பால், அடையாளம், விற்பவருக்குத் தெரிந்த காயம், பழக்கம், கடைசியாகக் கொடுத்த மருந்து, டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசித் தேதிகள் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஒரு வாரம் சோதனைக்கு விடச் சம்மதித்தால் நல்லது. அந்த வாரத்தில் குதிரைக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

கொண்டுவருவது பற்றி. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி பயணத்துக்கு மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். சாதாரண லாரியானால் தரையில் வழுக்காத விரிப்பு, குதிரைகளுக்கு நடுவில் குறைந்தது 8 செ.மீ. விட்டமுள்ள மூங்கில் கழி, தலை இடப்பக்கம் பார்த்து நிற்றல், கூடவே ஓர் ஆள், மணிக்கு 35 கி.மீ.க்கு மேல் போகாமை என்று விதி தெளிவாகச் சொல்கிறது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்கோ, அங்கிருந்து இங்கோ வருவதானால் சான்றுகளை லாரியிலேயே வைத்திருங்கள். ஏற்றி இறக்கச் சரிவான மேடையோ மண்மேடோ இல்லாத இடத்தில் லாரியிலிருந்து குதிக்க வைத்துக் கால் முறிந்த குதிரைகள் உண்டு. சேணத்தை இதற்குப் பிறகு, குதிரையின் முதுகைப் பார்த்து வாங்குங்கள். கான்பூர் சேணங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆள் ஏறியபின் குதிரையின் முதுகு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

லாய வாடகை பேசும்போது அதில் எது அடக்கம், எது தனி என்று கேளுங்கள்: தீவனம், சைஸ் கூலி, ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம், மருந்து, திறந்தவெளியில் விடும் நேரம். அறை 12 அடிக்கு 12 அடி குறையக் கூடாது. 450 கிலோ குதிரைக்கு நாளைக்கு உலர்ந்த கணக்கில் 7 முதல் 9 கிலோ புல் வகை வேண்டும். அதுதான் உணவு, கொள்ளும் ஓட்ஸும் வேலைக்கு ஏற்பச் சேர்ப்பவை. செலவைக் குறைக்க நேப்பியர் புல்லும் கோதுமைத் தவிடும் மட்டுமே போடும் லாயங்களைத் தவிருங்கள். நேப்பியரிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போடும், தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் சேர்ந்தால் எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து முகம் புடைத்து, கால் நொண்டத் தொடங்கும். குதிரைமசால் கொஞ்சமும் ரோட்ஸ் புல்லும் கலந்தால் இது வராது. வைக்கோலை மட்டும் நம்பினால் குடலில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் 25 முதல் 45 லிட்டர், உப்பு தினமும் ஒரு பிடி.

வந்திறங்கிய குதிரையை மற்றவற்றோடு உடனே கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் தனி அறை, தனி வாளி, தனி பிரஷ், முடிந்தால் தனி சைஸ். காலை மாலை காய்ச்சல் பார்த்து எழுதி வையுங்கள், 38.5ஐத் தாண்டினாலோ, மூக்கில் சளி வந்தாலோ, தாடைக்கடியில் வீங்கினாலோ அன்றே மருத்துவர் வர வேண்டும். பழைய இடத்துத் தீவனத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை விலை கொடுத்தாவது வாங்கிவந்து, புதியதை ஏழிலிருந்து பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வந்து, வாங்கிய வாரத்திலேயே குதிரையை இழக்க நேரலாம்.

இப்படிக்கு,
குதிரை லாயம் நடத்தும் வாசகர்,
எலகங்கா, பெங்களூரு